ஏழு தட்டு: டர்பன் நாட்குறிப்பு

6 பிப்ரவரி 2025, வியாழன்

(அந்தக் குடும்பத்திடம் கேட்டு, அவர்கள் சரியென்ற பிறகே இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.)

காலையில் சாம்பாருக்குப் பருப்பு வெந்துகொண்டிருந்தபோது போன். "அக்கா, தமிழ் தெரிஞ்சவங்க வேணும்னு ஆஸ்பத்திரியில கேக்கறாங்க, உடனே வர முடியுமா?" கோயிலில் தவில் வாசிக்கிறவரின் மனைவி. தஞ்சாவூர்ப் பக்கம். வேலை விசாவில் வந்து மூன்று வருடம் ஆகிறது.

செவ்வாய் விடியற்காலையில் அவர் கடலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருக்கிறார். போலீஸ் இழுத்து வந்து மருத்துவமனையில் ஒப்படைத்திருக்கிறது. 2002ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் போலீசுக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. ஆனால் அப்படி ஒப்படைத்தவரை, 24 மணி நேரத்துக்குள் யாராவது முறையாக விண்ணப்பிக்காவிட்டால் விட்டுவிட வேண்டும். கடைசி ஏழு நாளுக்குள் அவரைப் பார்த்த உறவுக்காரர் விண்ணப்பிக்கலாம். அதனால் மனைவியிடம் ஒரு படிவத்தை நீட்டியிருக்கிறார்கள். "கையெழுத்துப் போட்டா மாத்திரை குடுப்பாங்கன்னு நினைச்சேன்க்கா." அவள் போட்டது, கணவரின் சம்மதம் இல்லாமலே அவரை உள்ளே வைத்துச் சிகிச்சை தரச் சொல்லும் விண்ணப்பம்.

வார்டில் செவிலியர் ஒருவர் மூட்லி (நம்ம முதலிதான்), ஒருவர் பிள்ளை, மருத்துவர் நாயுடு. பெயர்ப் பலகையைப் பார்த்தால் கும்பகோணம் டவுன்ஹால் மாதிரி இருக்கிறது. தமிழ் ஒருவருக்கும் வராது. பாட்டி காலத்தோடு போய்விட்டது. மூட்லி சிஸ்டருக்கு 'தண்ணி' தெரியும், 'வா' தெரியும், இரண்டு கெட்ட வார்த்தை தெரியும் (அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்). கோப்பில் தவில்காரரைப் பற்றி எழுதியிருந்தது: 'பேச்சு கோர்வையாக இல்லை.' பேசியது தமிழ் என்று எங்கேயும் எழுதவில்லை.

மருத்துவர் கேட்டார், நான் சொன்னேன். அவர் ஒன்பது நாள் தூங்கவில்லை. வாக்கியங்கள் பாதியில் அறுந்து அறுந்து வந்தன. "அம்மா கூப்பிடுறா... மணலு... இல்ல, குழந்தைக்கு டிபன்... போயிட்டு வந்துடுறேன்னு..." நான் அதையெல்லாம் சேர்த்துக் கட்டி, 'அம்மனைக் கும்பிடக் கடற்கரைக்குப் போனேன் என்கிறார்' என்று ஆங்கிலத்தில் நல்ல வாக்கியமாக எடுத்துக் கொடுத்தேன். நம்ம ஊர்க்காரர், நாலு பேர் முன்னால் பைத்தியம் மாதிரித் தெரியக் கூடாதே என்று. மருத்துவர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

பெருமையாக வீட்டுக்கு வந்தேன். பருப்பு அடிப்பிடித்திருந்தது.

8 பிப்ரவரி, சனி

நேற்று இரவு அவர் குளியலறைக் குழாய்களையெல்லாம் திறந்துவிட்டு, தரையில் தேங்கிய தண்ணீரில் முகம் கவிழ்ந்து படுத்திருக்கிறார். மூட்லி சிஸ்டர் பார்த்ததால் ஆயிற்று.

மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "அன்று அவர் சொன்னதை அப்படியே ஒருமுறை சொல்லுங்கள்."

சொன்னேன். 'அம்மா கூப்பிடுறா' என்பதை விளக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. பெற்றவளாக இருந்தால் அவர் ஊர்ப் பேச்சில் 'கூப்பிடுது' என்றிருப்பார். 'கூப்பிடுறா' என்றால் அது மாரியம்மன். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றுதான். மருத்துவர் அடுத்துக் கேட்டது, எனக்கு அன்றே தோன்றியிருக்க வேண்டிய கேள்வி: "கூப்பிடுகிறாளா, இல்லை போகச் சொல்லுகிறாளா?" தவில்காரரிடம் கேட்டேன். "உள்ள வாங்கிறா. இன்னும் உள்ள வாங்கிறா," என்றார்.

வியாழக்கிழமை கோப்பில் 'கும்பிடப் போனார்' என்று எழுதியிருப்பது என்னால்தான். இனிமேல் அறுந்து வருவதை அறுந்தபடியே கொடுப்பது என்று முடிவு செய்துகொண்டேன். எழுதுவதற்கு எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால் தெரியும், வாய் தானாக ஒட்டுப்போடும்.

11 பிப்ரவரி, செவ்வாய். தைப்பூசம்

மூன்று வருடமாக இந்த நாளில் காவடிக்கு வாசித்தவர் இன்று கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கோப்பில் புதிதாக ஒரு வரி: 'கட்டில் கம்பியில் நோக்கமில்லாமல் தட்டிக்கொண்டே இருக்கிறார்.'

பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். தகிட தகதிமி, தகிட தகதிமி. ஏழு. மிஸ்ர நடை, பிசகே இல்லை. வலது கை விரல்கள் வேலை செய்தன. தவிலில் வலந்தலைக்கு, அதாவது வலது பக்கத்துக்கு, விரலில் கூடு மாட்டிக்கொள்வார்கள். துணியில் பசை தடவிச் சுற்றிக் காயவைத்த, கல் மாதிரி இருக்கிற உறை. இங்கே வெறும் விரல். நகக்கண் இரண்டில் ரத்தம் கட்டியிருந்தது.

மூட்லி சிஸ்டரிடம் சொன்னேன். அவர் தன் போனில் ஏதோ தேடி ஒரு தவில் வாசிப்பைப் போட்டுக் கேட்டார். பிறகு பேனா எடுத்து 'நோக்கமில்லாமல்' என்பதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் கையெழுத்திட்டார். அந்த அம்மாள் நல்லா இருக்கட்டும்.

மனைவி மெதுவாகச் சொன்னாள்: "ஏழு சரியா விழுந்தா நல்லா இருக்கார்னு அர்த்தம்க்கா. எங்கேயாவது நழுவினா ராத்திரி தூங்கலைன்னு தெரிஞ்சுக்குவேன். ஜனவரி பூரா நழுவுச்சு."

இதை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் உட்பட.

17 பிப்ரவரி, திங்கள்

வக்கீலம்மா வந்தார். 72 மணி நேர மதிப்பீடு முடிந்து, 'தொடர்ந்து உள்ளே வைக்க வேண்டும்' என்று முடிவாகிவிட்டது. எழுத்தில் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் மனநலச் சீராய்வு வாரியத்துக்கு மேல்முறையீடு போகலாம். வாரியத்தில் மூன்று முதல் ஐந்து பேர். அதில் ஒருவர் மனநலம் தெரிந்தவர், ஒருவர் சட்டம் தெரிந்தவர், ஒருவர் பொதுமக்களில் ஒருவர். நோயாளிக்கு வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு.

முறையீடு வேண்டுமா என்பதில் எனக்கே சந்தேகம். மருந்து வேலை செய்கிறது, தூங்குகிறார். வெளியே விட்டால் கடல் அங்கேயேதான் இருக்கிறது. வக்கீலம்மாவிடம் கேட்டேன். "அவருக்கு மருந்து வேண்டாம் என்று நான் வாதாடப்போவதில்லை. அவரிடம் யாருமே கேட்கவில்லை என்றுதான் சொல்லப்போகிறேன்," என்றார். லைஃப் எசிடிமேனி என்ற மனநலக் காப்பகங்களின் கதையை நினைவுபடுத்தினார். 2016இல் கௌடெங் மாகாணத்தில் அங்கிருந்த மனநோயாளிகளை மூட்டை மாதிரி வண்டியில் ஏற்றி, உரிமம்கூட ஒழுங்காக இல்லாத விடுதிகளுக்கு அனுப்பினார்கள். 144 பேர் செத்தார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்றே பல குடும்பங்களுக்குத் தெரியாது. சட்டம் அப்போதும் இதே சட்டம்தான்.

தவில்காரரிடமே கேட்டோம். "என்னைக் கேக்கறீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் கையெழுத்துப் போட்டார், தமிழில், முழுப் பெயரும்.

28 பிப்ரவரி, வெள்ளி

இன்றோடு விசா முடிகிறது. அவருடையதைப் பிடித்துத்தான் மனைவிக்கும் மகளுக்கும்.

காலாவதியாகி 30 நாளுக்கு உட்பட்டு வெளியேறினால் 12 மாதம் நாட்டுக்குள் வர முடியாது. 30 நாள் தாண்டிவிட்டால் 5 வருடம். அவரோ பூட்டிய வார்டில் இருக்கிறார், விரல்ரேகை வைக்கக்கூட வர முடியாது. தன் கையில் இல்லாத காரணத்தால் விண்ணப்பிக்க முடியவில்லை என்று சான்றோடு காட்டினால், தங்கியிருந்து விண்ணப்பிக்க அனுமதி கேட்கலாம். அதற்கு ஒரு படிவம், எண் 20.

சாயங்காலம் அவர் வாசிக்கிற இடத்தின் கமிட்டியார் கூடிப் பேசினார்கள். விமான டிக்கெட் எடுத்துத் தருகிறோம், ஊருக்குக் கூட்டிப் போய்விடு என்றார்கள். போனில் ஊரிலிருந்து மாமனார்: குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் வைத்தால் தெளிந்துவிடும். இன்னொரு சித்தப்பா ஏர்வாடி தர்கா என்றார். ஏர்வாடி என்றதும் எனக்கு 2001 ஆகஸ்ட்தான் ஞாபகம் வந்தது. கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் கருகிய செய்தியைப் படித்துவிட்டு அன்று அம்மா சாப்பிடவில்லை.

இன்னொருவர், நல்ல மனுஷர்தான், ஒரு யோசனை சொன்னார்: வங்கிக் கணக்கை எடுக்க, நீதிமன்றத்தில் 'இவருக்குச் சுயபுத்தி இல்லை' என்று ஓர் உத்தரவு வாங்கிவிட்டால் என்ன? வக்கீலம்மா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். நீதிமன்றம் அப்படி அறிவித்த ஒருவரை 'விரும்பத்தகாதவர்' என்று ஒதுக்கக் குடியேற்றச் சட்டத்தின் 30ஆவது பிரிவிலேயே இடமிருக்கிறது. வாடகைப் பணம் எடுக்கப் போய் நாட்டையே இழக்க வேண்டியது.

வாடகைக்கு நாலைந்து பேர் பணம் போட்டோம்.

13 மார்ச், வியாழன்

விசாரணை. ஒரு சின்ன அறை, நீள மேசை, வாரியத்தார் மூன்று பேர், ஒரு தண்ணீர்க் குடுவை. எனக்கு உள்ளங்கை வேர்த்தது.

தலைவர் கேட்டார்: "நீங்கள் ஏன் இங்கே இருக்கிறீர்கள் என்று தெரியுமா?"

"தெரியும். கடல். அம்மா கூப்பிட்டா. இப்ப கூப்பிடலை. இப்ப... ராத்திரி கொஞ்சம். சத்தம் இல்ல, காத்து மாதிரி. மாத்திரை போட்டா வாய் உலருது, கை கனக்குது. விரல் ஓடலை. விரல் ஓடலைன்னா சோறு இல்ல."

அப்படியே சொன்னேன். 'ராத்திரி கொஞ்சம்' என்ற இடத்தில் நாக்கு தயங்கியது. அதை விழுங்கிவிட்டால் அவருக்கு நல்லதோ? விழுங்கவில்லை. தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "கை கனக்கிறது என்று மருத்துவரிடம் சொன்னீர்களா?" என்று கேட்டார். "யாரும் கேக்கலைங்க."

மருத்துவர் மறைக்காமல் சொன்னார்: மருந்தை மாற்றிப் பார்க்கலாம், மாதம் ஓர் ஊசி இருக்கிறது. "வீட்டுக்கு விட்டா ஊசி போட்டுக்குவீங்களா?" "விரல் ஓடுமா?" "பார்க்கலாம்." "பாத்துட்டு சொல்றேன்." அறையில் யாரோ சிரித்தார்கள். அவரும்.

நடுவில் வக்கீலம்மா, இந்நாட்டு அரசியலமைப்பின் 6ஆவது பிரிவில் தமிழ் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்றார். ஆட்சிமொழியாக இல்லை, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளின் வரிசையில். 'பேச்சு கோர்வையாக இல்லை' என்ற வரியை அதன் பக்கத்தில் வைத்து வாசித்தார். கொஞ்சம் நாடகம்தான், ஆனால் மேசையில் இருந்த மூன்று பேரும் எழுதிக்கொண்டார்கள்.

20 மார்ச், வியாழன்

முறையீடு ஏற்கப்பட்டது. சம்மதித்து ஊசி போட்டுக்கொள்கிறார். நேற்று மாலை வீட்டுக்கு வந்துவிட்டார்.

22 மார்ச், சனி

என் தமிழ் வகுப்புக்கு அவர் மகளும் வருகிறாள், ஒன்பது வயது. திரும்பக் காரில் கூட்டி வந்தேன். ரோபோவில் நின்றிருந்தோம் (இங்கே சிக்னலுக்கு ரோபோ என்றுதான் பெயர், பதினெட்டு வருடமாகியும் எனக்குச் சிரிப்பு வரும்). ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஆன்ட்டி, தப்பா சொன்னா போலீஸ் பிடிப்பாங்களா?"

முதல் நாள், என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால், அவளை வைத்துத்தான் பேசியிருக்கிறார்கள். அவளுக்குத்தான் இரண்டு மொழியும் வரும். யாரோ ஒருவர் அவளிடம், 'உன் அப்பா சாக நினைத்தாரா என்று கேள்' என்றிருக்கிறார்.

"நீ என்ன கேட்ட?"

"அப்பா, பசிக்குதான்னு கேட்டேன்."

"அப்பா?"

"இல்லன்னாங்க. நான் நோன்னு சொன்னேன்."

அவர் 'மறுக்கிறார்' என்று கோப்பின் முதல் பக்கத்தில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்த பிறகுதான் பச்சை விழுந்திருப்பதைக் கவனித்தேன். போலீஸ் பிடிக்காது என்றேன். வழியில் சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

26 மார்ச், புதன்

30 நாள் தாண்டுவதற்கு நான்கு நாள் இருக்கும்போது மனுவைக் கொடுத்தோம். விடிவதற்கு முன்பே வரிசை. காங்கோக்காரர்கள், சோமாலியர், வங்காளதேசத்துக் கடைக்காரர்கள், தூங்கும் குழந்தைகள். மருத்துவமனைக் கடிதத்தை வக்கீலம்மா மூன்று முறை திருத்தி வாங்கியிருக்கிறார். எந்த நோய் என்று அதில் இல்லை. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை உள்நோயாளி, தன் காரியங்களைக் கவனிக்கும் நிலையில் இல்லை, அவ்வளவுதான். மிச்சம் அவருடைய அந்தரங்கம், அதற்கும் சட்டத்தில் காப்பு உண்டு.

வரிசையில் பொழுது போக பாலசுந்தரம் கதையைச் சொன்னேன். 1894இல் இதே டர்பனில், முதலாளி அடித்து இரண்டு முன்பல் உடைந்து, வாயில் ரத்தத்தோடு, முண்டாசைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியின் அலுவலகத்தில் வந்து நின்ற ஒப்பந்தக் கூலி. காந்தி முதலில் அவரை மருத்துவரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்று வாங்கினார். அன்றும் கடிதம்தான் முதல் வேலை. பாலசுந்தரம் சொன்னதையெல்லாம் காந்திக்குச் சொன்னது அவர் அலுவலகத்திலிருந்த ஒரு தமிழ் எழுத்தர். எனக்கு எப்போதும் அந்த எழுத்தர் மேல்தான் கண். பல் உடைந்த வாயிலிருந்து வந்ததை எப்படிச் சொல்லியிருப்பார்?

"அந்த ஆளுக்கு வேலை கிடைச்சுதா?" என்று தவில்காரர் கேட்டார். வேறு முதலாளியிடம் மாற்றிவிட்டார்கள் என்றேன். "சம்பளம்?" என்றார். அது தெரியவில்லை.

14 ஏப்ரல், திங்கள். சித்திரை முதல் நாள்

மனுவுக்குப் பதில் வரவில்லை. ரசீது மட்டும் இருக்கிறது, மனைவி அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். கமிட்டியார் இரண்டு மாதச் சம்பளத்தை இன்னும் தரவில்லை. அதற்குத் தனியாக ஒரு கடிதம் போகிறது.

மாங்காய்ப் பச்சடி செய்து எடுத்துக்கொண்டு போனேன். இந்தப் பக்கத்து வேப்பம்பூ கிடைக்கவில்லை, ஊரிலிருந்து வந்த காய்ந்த பூதான். தவில் வீட்டில் இல்லை, கோயிலில் இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் வாசித்துக் காட்டினார். மகள் ஸ்பூனால் தாளம் போட்டாள். ஐந்து நிமிடம் இருக்கும். எனக்கு அப்பழுக்கில்லாமல் கேட்டது. கை தட்டினேன்.

பாத்திரம் கழுவும் இடத்தில் மனைவி கேட்டாள்: "ஒரு இடத்துல நழுவுச்சு. கவனிச்சீங்களாக்கா?"

"இல்லையே."

"ரெண்டாவது சுத்துல." கையைத் துடைத்துக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். "ஊசி வியாழக்கிழமை. நாளைக்கே கூட்டிட்டுப் போகலாமான்னு கேக்கணும். நீங்க வர்றீங்களா?"