ஆறடி மூன்று அங்குலத்துக்கு ஒரு 650

ஜனவரி 18, 2026, ஞாயிறு

பொங்கல் செலவெல்லாம் போக மிச்சத்தைக் கணக்குப் போட்டாயிற்று. செகண்ட் ஹேண்ட் வண்டிதான். போன செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம் ஆகிவிட்டதால், புதுசு எடுக்கும் யோசனையை விட்டுவிட்டேன்.

தேடுவது ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650. 648 சிசி, அடுத்தடுத்து நிற்கும் இரண்டு சிலிண்டர், ரேடியேட்டர் இல்லை. சூட்டை இறக்குவது எதிர்க்காற்றும் முன்பக்கம் இருக்கும் ஆயில் கூலரும்தான். 270 டிகிரி கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) என்பதால் இரண்டு சிலிண்டரும் சம இடைவெளியில் வெடிக்காது. அந்த ஏற்ற இறக்கமான துடிப்பைக் கேட்டால் எனக்கு உண்மையிலேயே மனசு நிறைகிறது.

ஜனவரி 20, செவ்வாய்

"உங்க உயரத்துக்கு எந்த வண்டியும் ஈஸியா இருக்குமே சார்" என்று இன்றைக்கும் ஒருவர் சொன்னார். ஆபீசில், டீக்கடையில், எங்கே பேச்செடுத்தாலும் இதைத்தான் சொல்கிறார்கள். கால் தரையில் ஊன்றுகிறதா என்பதோடு எல்லாரும் நின்றுவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கவலையே கிடையாது. சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. அது குறைந்தால் முட்டி மடங்கி, அரை மணி நேரத்தில் தொடை மரத்துப்போகும். இப்போது ஓட்டும் 150 சிசி வண்டியில் ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் முட்டியில் இடிக்கிறது. ஆற்றங்கரைச் சாலையில் வண்டியைத் திருப்பும்போது அது ஆபத்து.

இன்டர்செப்டர் சீட் 804 மில்லிமீட்டர். அதே கம்பெனியின் சூப்பர் மீட்டியர் 650-க்கு 740தான், ஆனால் அதில் ஃபுட்ரெஸ்ட் முன்னால் தள்ளி இருப்பதால் கால் நீட்டிக்கொள்ளலாம். எடை 241 கிலோ. வாய்க்கால் ஓரத்து ஒற்றையடித் தாரில் எதிரே டிராக்டர் வந்தால் அந்த பைக்கைப் பின்னால் தள்ள எனக்குத் தெம்பில்லை. அவர்களுடைய இன்னொரு 650, கான்டினென்டல் ஜிடியில் இன்ஜின் அதேதான், ஆனால் ஹேண்டில் தாழ்வு, ஃபுட்ரெஸ்ட் பின்னால். என்னைப் போன்றவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

ஜனவரி 25, ஞாயிறு

வேதாரண்யம் போய் ஒரு 2019 மாடல் பார்த்தேன். கிலோமீட்டர் குறைவு, விலையும் நியாயம். விற்கிற அண்ணன் மரியாதையானவர், ஓட்டிப் பார்க்க சாவியைக் கையிலேயே கொடுத்துவிட்டார்.

ஆனால் உப்பளக் காற்று அந்த வண்டியைத் தின்றிருக்கிறது. சிலிண்டர் ஃபின்களில் (சூட்டை இறக்கும் அலுமினியத் தகடுகள்) வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. ஸ்போக்ஸ் ரிம்மில் சேரும் இடமெல்லாம் துரு. சைலன்சர் குரோமில் ஊசிக் குத்தல் மாதிரி புள்ளிகள். அலுமினியத்தின் மேல்பூத்ததைத் தேய்த்து எடுத்துவிடலாம். ஸ்போக்கும் ரிம்மும் அப்படியில்லை, செலவு இழுத்துக்கொண்டே போகும். கடலோரம் நின்ற வண்டியைப் பார்ப்பவர்கள் மீட்டரைப் பார்க்கும் முன் குனிந்து ஸ்போக்ஸைப் பாருங்கள்.

இன்ஜின் நன்றாகவே இருந்தது. ஸ்டார்ட் செய்தவுடன் இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் இரண்டு பைப்பின் மேலும் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், இரண்டிலும் ஒரே மாதிரி ஆவியானது. ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டால் அந்தப் பக்கத்துப் பைப் சூடேறத் தாமதிக்கும். இரட்டைச் சிலிண்டர் வாங்கும் யாரும் இதைச் செய்யாமல் வரக்கூடாது.

ஜனவரி 28, புதன்

தஞ்சாவூரில் ஒரு புரோக்கர். நான் போவதற்குள் இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தார். "இப்பத்தான் தம்பி ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தேன்" என்றார். குளிர்ந்த இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று பார்க்காமல் நான் வாங்குவதாக இல்லை. திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

கும்பகோணம். 2021 மாடல், ஒரே ஓனர், முதுகுவலியால் விற்கிறார். காலையில் போனபோது இன்ஜின் ஜில்லென்று இருந்தது. பட்டனை அழுத்தியதும் பிடித்துக்கொண்டது, புகை இல்லை. சென்டர் ஸ்டாண்டில் போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினோம். நடுவில் எங்கும் தட்டவில்லை, கோன்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) நல்லபடி. பின்சக்கரத்தைச் சுற்றி செயினைப் பார்த்தேன், ஓரிடத்தில் இறுக்கம் ஓரிடத்தில் தளர்ச்சி என்று இல்லை.

அப்புறம் சும்மா உட்கார்ந்தேன். ஓட்டாமல், ஸ்டாண்டில் நிற்கிற வண்டியில், அவர் காபி போட்டுக் கொண்டுவரும் வரைக்கும். ஷோரூமில் ஒரு நிமிடம் உட்கார்ந்தால் எந்த வண்டியும் வசதிதான். இதில் முட்டி கொஞ்சம் மடங்குகிறது, ஆனால் டேங்க்கை ஒட்டி நிற்கிறது, ஹேண்டிலை முழுக்கத் திருப்பினாலும் இடிக்கவில்லை. காலை நேராகக் கீழே விட்டால் ஃபுட்ரெஸ்ட் கெண்டைக்காலில் தட்டும். சற்று முன்னால் வைத்து ஊன்றினால் சரி.

சுவாமிமலை வழியாக பாபநாசம் வரை ஓட்டிப் பார்க்கச் சொன்னார், பின்னால் அவரே உட்கார்ந்து வந்தார். சம்பா அறுவடை நேரம். பாதி ரோட்டில் நெல் காய்கிறது, கொள்முதல் நிலையத்து வாசலில் மூட்டை ஏற்றும் லாரிகள். 202 கிலோ வண்டி நெல்மணியில் ஏறினால் பிடிமானமே இருக்காது. அங்கெல்லாம் பிரேக்கைத் தொடாமல், நேராக, ஊர்ந்து போனேன். அந்த வேகத்தில் காற்று படாததால் இன்ஜின் சூடு வலது காலில் நன்றாகத் தெரிந்தது. ரோடு விரிந்ததும் தணிந்துவிட்டது. காற்றில் குளிரும் இன்ஜினின் இயல்பு அது. டவுன் நெரிசலில் தினமும் நிற்கவேண்டியவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

இறங்கியதும் விலை பேசி அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 4, புதன்

ஆர்சி புக்கில் இருக்கும் சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் வண்டியில் உள்ளதோடு ஒப்பிட்டேன். லோன் முடிந்திருந்தாலும் ஆர்சியில் ஹைப்போதிகேஷன் (வண்டி பேங்க் கடனுக்கு ஈடு என்ற பதிவு) அப்படியே இருந்தது. பேங்க் தரும் ஆட்சேபணையின்மைச் சான்றும் (என்ஓசி), அந்தப் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வந்தபிறகுதான் மீதிப் பணம் தந்தேன். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்சூரன்சையும் 14 நாளுக்குள் என் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக்கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

சீட் கவர் கடையில் ஒன்றரை அங்குலம் ஃபோம் ஏற்றினேன். முட்டிக்கு நல்ல விடுதலை. சீட் உயர்ந்ததும் ஹேண்டில் தாழ்ந்ததுபோல் இருக்கிறது, அதைத் தூக்க அடியில் ரைசர் என்ற கட்டையை வைக்கலாம். ஆனால் கிளட்ச் கேபிளும் முன் பிரேக் ஹோஸும் எவ்வளவு நீளம் தாங்கும் என்று முழுத் திருப்பத்தில் பார்க்கவேண்டும். மெக்கானிக் அண்ணன் அளந்துவிட்டு, அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம் என்றார்.

ஃபின்களுக்கு நடுவே ஏற்கனவே பதரும் மண்ணும். பிரஷ் வைத்து எடுத்துவிட்டு, ஆயில் கூலரையும் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவினேன். அறுவடை முடியும் வரை வாராவாரம் இதைச் செய்யவேண்டும். வால்வ் கிளியரன்ஸ் (வால்வுக்கு விடவேண்டிய சின்ன இடைவெளி) பார்க்க மெக்கானிக் வியாழக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும் என்பதால் முதல் நாள் ராத்திரியே வண்டியைப் பட்டறையில் விடுகிறேன்.