ஈவிஎஸ் கிளாஸ்னா தூங்குற கிளாஸ்தான?

தங்கச்சி தண்டையார்பேட்டைலேர்ந்து காலேஜ் போறா, பிகாம். ஈவிஎஸ், அதான் சுற்றுச்சூழல் பாடம், எல்லா டிகிரிக்கும் கட்டாயம், 1991லயே சுப்ரீம் கோர்ட் சொன்ன விஷயம். ஆனா நாங்க படிச்சப்ப மிஸ் நோட்ஸ் வாசிப்பாங்க, நாங்க கடைசி பெஞ்ச்ல தூங்குவோம், பரீட்சைக்கு மொத நாள் ஜெராக்ஸ் கடைல கைடு, அவ்ளோதான்.

தங்கச்சி கிளாஸுக்கு வந்த மிஸ் வேற மாதிரி. ஓசோன் படத்த போர்ட்ல வரையாம நேரா எண்ணூர் கழிமுகத்துக்கு கூட்டினு போய்ட்டாங்க, விம்கோ நகர் மெட்ரோல எறங்கி ஷேர் ஆட்டோ. கிளாஸ்ல வாயே தொறக்காத காட்டுக்குப்பத்து (அங்க இருக்குற மீனவ கிராமம்) பையன் ஒருத்தன், அன்னிக்கு அவன்தான் வாத்தியார். சேத்துல கைய விட்டு எறா எப்டி தடவி புடிக்கணும்னு காமிச்சிருக்கான், கைல வந்த சேறு சாம்பல் கலரு, இது அனல்மின் நிலைய சாம்பல்னு சொல்லிருக்கான். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட ஆயில் வந்து படகு, வலைலாம் கருப்பா ஒட்டிக்கின கதையும்தான். இவ நகத்துல சேறோட சோறு சாப்ட்டுக்கினே ரெண்டு மணி நேரம் பேசுனா, அம்மா திட்டுனது காதுலயே விழல.

எனக்கு கடுப்பு என்னன்னா, காலேஜ் டேல ஷீல்டு குடுத்தது பூரா ஜர்னல்ல பேப்பர் போட்டவங்களுக்கு. இந்த மிஸ் கெஸ்ட் லெக்சரர், ஆட்டோ காசு கூட சொந்த காசு (சம்பளமே லேட்டாதான் வருதாம்). மேஜர் எடுக்குறவங்களுக்கு இருக்குற மரியாத ஈவிஎஸ் மாதிரி பொது பேப்பர் எடுக்குறவங்களுக்கு ஏன் இல்ல? ஷீல்டு கூட வேணாம்பா, அடுத்த தடவ காலேஜ் பஸ்ஸயாவது குடுங்க, சனிக்கெழம சும்மாதான நிக்குது.