டிரைகுளோர் தொட்டி புளித்துப்போனால்

கோவைப் பட்டறைகளில் லேத்தில் இருந்து இறங்கும் அலுமினிய பாகங்களுக்குக் கிரீஸ் எடுக்க டிரைகுளோரோ எத்திலீன் (டிரைகுளோர்) திரவத்தைக் காய்ச்சி அதன் ஆவியில் கழுவும் ஆவித்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது. எண்ணெய் சேர்ந்தால்தான் திரவம் புளிக்கும், அதாவது அமிலமாகிக் கெடும் என்று நினைக்கிறார்கள். எண்ணெய் வெறும் அழுக்குதான். பயப்பட வேண்டியது அடியில் தங்கும் அலுமினியப் பொடிக்கு.

முழு பாகத்தின் மேல் ஆக்சைடு தோல் இருக்கிறது, அது காக்கும். புதிதாக வெட்டிய பிசிறில் அந்தத் தோல் சரியாக இருக்காது, பரப்போ அதிகம். அங்கே உலோகம் குளோரினைப் பிடுங்கி அலுமினியம் குளோரைடு ஆகிறது. அது தொட்டால் டிரைகுளோர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கருந்தார் ஆகும், ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பும். அந்த அமிலம் மிச்சத் தோலையும் தின்னும், வினை இன்னும் வேகமாகும். சூடும் கூடவே ஏறும். புதுத் திரவத்தில் கலந்திருக்கும் அமீன், எபாக்சைடு வகை ஸ்டெபிலைசர்கள் இந்த அமிலத்தைத்தான் விழுங்கிக்கொண்டிருக்கின்றன. அவை தீர்ந்த பிறகு தடுக்க எதுவும் இல்லை.

வாரம் ஒருமுறை சோதியுங்கள். ஆறின திரவம் 50 மில்லி, காய்ச்சி வடித்த தண்ணீர் 50 மில்லி, மூடி போட்டுக் குலுக்கி நிற்க விடுங்கள். தண்ணீர் மேலே மிதக்கும். அதில் அமில அளவு காட்டும் பிஹெச் தாளை நனையுங்கள்; எண் குறையக் குறைய அமிலம் அதிகம். புதுத் திரவத்தின் எண்ணைச் சுவரில் எழுதி வைத்தால் இறக்கம் தெரியும். 5.5 வந்துவிட்டால் காலி செய்வதே மேல். கூடவே அடர்த்திமானி: புதுசு 1.46, கால் பங்கு எண்ணெய் கலந்தால் 1.31 பக்கம் வரும். அதற்குக் கீழே இறங்கினால் ஓட்டாதீர்கள்.

கழுவின இரும்பு பாகம் அன்றே துருப்பிடித்தாலும், மூக்கில் சுருக்கென்று ஏறினாலும் அமிலம் வந்தாயிற்று. வெண்புகை கண்டால் ஹீட்டரை நிறுத்தி, குளிர்விக்கும் குழாயில் நீரை ஓட விட்டு, ஆட்களை வெளியே அனுப்புங்கள். தொட்டிக்குள் தண்ணீர் ஊற்றக் கூடாது.

புளிப்பை முறிக்கக் காஸ்டிக் சோடா போடுகிற ஆள் உண்டு. வேண்டவே வேண்டாம்: டைகுளோரோ அசிட்டிலீன் உண்டாகும், அது கொடிய விஷம், தானே தீப்பிடிக்கும்.

பொடி அள்ள யாரையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள். ஆவி காற்றைவிட நாலரை மடங்கு கனம், அடியிலேயே தேங்கி நிற்கும். ஆறவிட்டு வெளியிலிருந்து நீளக் கரண்டியால் அள்ளுங்கள். வெல்டிங் பக்கத்தில் தொட்டி வைத்தால் ஆர்க் வெளிச்சத்தில் அதே ஆவி ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு ஆகும்.