பாதுகாப்பு உத்தரவு வாங்க ஏற்காட்டிலிருந்து அலைந்த கதை

எங்கள் எஸ்டேட்டில் பக்கத்து லயன் (தொழிலாளர் வரிசை) வீட்டுப் பெண்ணுக்குக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு வாங்கிவிட்டோம். இடைக்கால உத்தரவுதான், ஆனாலும் கையில் இருக்கிறது. காபிப் பழம் பறிக்கிற சீசனில் ஒவ்வொரு முறை மலை இறங்கும்போதும் அவளுக்கும் எனக்கும் அன்றைய கூலி போனது. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

முதலில் போன ஸ்டேஷனில் மனுவைப் படிக்கவே இல்லை. "புருஷனையும் கூட்டிட்டு வாம்மா, உட்கார வச்சுப் பேசிடலாம்" என்றார்கள். கூப்பிட்டால் வந்து உட்காருகிற ஆளாக இருந்தால் நாங்கள் எதற்கு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருகிறோம்? யார் என்ன சொன்னாலும் மனு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர்., வாங்காமல் வெளியே வராதீர்கள். நாங்கள் நகராமல் நின்றதால்தான் கொடுத்தார்கள். அதிலும் 'குடும்பத் தகராறு' என்று மட்டும் எழுதியிருந்தது, அடித்ததையும் எழுதுங்கள் என்று மறுபடி நின்றோம்.

ஆஸ்பத்திரி விஷயம் இதைவிட மோசம். கை வீங்கிய அன்று அவளுடன் போனது மாமியார். 'வழுக்கி விழுந்தார்' என்று ஏ.ஆர்., அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டது, பிறகு மாற்றச் சொன்னால் யார் கேட்பார்கள்? இப்படி யாரையாவது கூட்டிப் போனால் வீட்டு ஆட்களை வெளியே நிற்கச் சொல்லுங்கள், யார் அடித்தார், எதால் அடித்தார் என்பதை எழுதும்போதே அவள் வாயால் சொல்ல வையுங்கள். எங்களைக் காப்பாற்றியது கிராம சுகாதார செவிலியர் அக்காவின் நோட்டு. பிள்ளைக்குத் தடுப்பூசி போட வந்த நாளில் 'இடது கை வீக்கம், கணவர் விறகுக் கட்டையால் அடித்ததாகச் சொல்கிறார்' என்று தேதியோடு ஒரு வரி எழுதி வைத்திருந்தார். புண்ணியவதி.

181 பெண்கள் உதவி எண்ணில் கேட்டுக்கொண்டு சேலத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்தோம். அவரே நிகழ்வு அறிக்கையை எழுதி மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அனுப்பினார். "வீடு எஸ்டேட்டோடது, வேலை புருஷன் பேர்ல, உன்னைத்தான் காலி பண்ணச் சொல்வாங்க" என்று எஸ்டேட்டில் வேலை வாங்குகிற மேஸ்திரி அவளைப் பயமுறுத்தி வைத்திருந்தார். வீடு யார் பேரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்க அவளுக்கு உரிமை உண்டு, 2005 சட்டத்திலேயே இருக்கிறது என்று அலுவலர் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. வக்கீல் இலவசம், சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. மனு கொடுத்து 3 நாளுக்குள் முதல் விசாரணை, 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். வாய்தா அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

உத்தரவு வந்த வாரமே புருஷன் குடித்துவிட்டு வந்து கதவை உதைத்தான். ஸ்டேஷனுக்குப் போன் செய்தால், "எங்களுக்கு எந்த ஆர்டரும் வரலையே." கோர்ட்டே காவல் நிலையத்துக்கு நகல் அனுப்ப வேண்டும், செலவும் கிடையாது, ஆனால் அது எந்த மேஜையில் கிடந்ததோ. நீங்களே ஒரு நகலைக் கொண்டுபோய்க் கொடுத்து, இன்னொன்றில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் மகளிர் குழுக் கூட்டத்துக்கு எல்லாரையும் ஒன்றாகக் கூப்பிட்டோம்: செவிலியர் அக்கா, அங்கன்வாடி டீச்சர், வார்டு மெம்பர், ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண் காவலர், வேண்டுமென்றே அந்த மேஸ்திரியும். ஆளுக்கு ஆள் ஏதோ தெரிந்துதான் வைத்திருந்தார்கள், யாரும் யாரிடமும் சொன்னதில்லை. உத்தரவை எல்லார் போனிலும் படம் எடுத்துக்கொண்டோம், சத்தம் கேட்டால் முதலில் யார் யாரைக் கூப்பிடுவது என்பதையும் பேசி முடித்தோம். அடுத்த முறை அவன் வந்தபோது போன் செய்தது மேஸ்திரிதான்! ஜீப் வந்தது. உத்தரவை மீறினால் ஓராண்டு வரை ஜெயில், 20,000 ரூபாய் வரை அபராதம் என்று அந்தப் பெண் காவலர் வாசலிலேயே சொன்னார். அன்று ராத்திரியே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான்.

இப்போது பராமரிப்புத் தொகைக்கு வாய்தா ஓடுகிறது. அவனுடைய சம்பளச் சீட்டு வேண்டும் என்கிறார் வக்கீல். எஸ்டேட் ஆபீசில் கேட்டால், ரைட்டர் லீவாம்.