டிரில் சாரும் ஈரப் பந்தும்

நம் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியர் டிரில் சார் மறைந்த செய்தி பழைய மாணவர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் வந்த அன்று, பலரும் அவருடைய விசிலையும் பிரம்பையும் கீழ மைதானத்து ரவுண்டுகளையும் நினைத்து எழுதியிருந்தீர்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது குழாயடியில் கிடந்த அந்த இரும்பு வாளிதான்.

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது நடந்த கிரிக்கெட் ஆட்டம். ஐப்பசி மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. பிட்ச்சில் விரித்த கயிற்றுப் பாய் ஊறிப்போய்க் கிடந்தது. மணிக்கட்டால் பந்தைச் சுழற்றி லெக் ஸ்பின் போடுகிறவனுக்குப் பந்து நனைந்தால் பாதி உயிர் போன மாதிரி. நான் போட்டதெல்லாம் தரையில் குத்தாமலே ஃபுல்டாஸாகப் போனது. கடைசி ஓவரில் தோற்றோம். "பந்து ஈரம் சார்" என்று மட்டும் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை.

மறுநாள் அசெம்பிளி முடிந்ததும் என்னை மட்டும் நிறுத்தினார். வாளி நிறையத் தண்ணீர், தையல் தேய்ந்த ஒரு பழைய பந்து. "ஈரம்னு சொன்னியில்லா, இப்பப் போடுலே" என்றார். ஒவ்வொரு பந்தையும் தண்ணீரில் முக்கி எடுத்துப் போட வேண்டும். பள்ளிக்கூடம் முழுக்க வராந்தாவில் நின்று பார்த்தது. பந்து வழுக்கிப் பக்கவாட்டில் ஓடும்போதெல்லாம் ஆறாம் வகுப்புப் பயல்கள்கூடக் கூவினார்கள். முதல் மணி அடித்தும் அவர் விடவில்லை. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அவர் முகத்தில் முழிக்கக் கூடாது என்றுதான் நினைத்துப் படுத்தேன்.

ஆனால் அடுத்த சனிக்கிழமை பிராக்டிஸில் அவரே ஒரு பொட்டலம் மரத்தூளும் ஒரு துவர்த்தும் (துண்டு) கொண்டுவந்தார். "நம்ம ஊர்ல ஆனியிலயும் மழை, ஐப்பசியிலயும் மழை. காஞ்ச பந்துக்குக் காத்திருந்தா நீ எப்பம் வெளையாடுவ மக்களே?" என்று கேட்டார். மோதிர விரல் மடக்கில் தையலை நிறுத்தி, விரலை அழுத்தாமல் மணிக்கட்டைக் கொண்டு பந்தைத் திருப்புகிற விதத்தை அன்றுதான் கற்றுக்கொடுத்தார். பிறகு என் பள்ளிக்கூடக் காலம் முடியும்வரை ஈரப் பந்து இல்லாத பிராக்டிஸே எனக்குக் கிடையாது.

1998 ஏப்ரலில் ஷார்ஜாவில் சச்சின் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 143, 134 என்று அடுத்தடுத்து அடித்ததை நம் செட்டில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த ஆண்டு முடிவதற்குள் நான் அதே ஷார்ஜாவுக்கு விசா எடுத்துப் போனேன். அதற்கு ஒரு மாதம் முன்புதான் சார், சென்னையில் கீழ் டிவிஷன் லீக் ஆடும் ஒரு கிளப்பில் எனக்காகப் பேசி வைத்திருந்தார். நம் மாவட்டத்துப் பையனுக்கு அன்று கிரிக்கெட்டில் வேறு பாதை இல்லை. 19 வயதுப் பிரிவைத் தாண்டினால் சென்னை லீக்கில்தான் ஒருவன் கண்ணில் பட வேண்டும். ஆனால் நாகர்கோவிலிலிருந்து சென்னை ஏறத்தாழ 700 கிலோமீட்டர். திருவனந்தபுரம் விமான நிலையமோ இரண்டு மணி நேரப் பயணம். சென்னைக்குப் போனால் அறை வாடகையும் சாப்பாடும் நம் கைக்காசு. ஷார்ஜாவுக்குப் போனால் மாதாமாதம் வீட்டுக்குப் பணம். அக்கா கல்யாணக் கடன் இருந்த வீட்டில் இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? சாரிடம் சொன்னபோது, "சரி, போயிட்டு வா. பந்த மட்டும் விட்டுராத, கேட்டியா" என்றார்.

விடவில்லை. அங்கே அப்போது வாரவிடுமுறை வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைதோறும் விடியற்காலையில் ஆடினோம். சிமெண்ட் தளத்தின்மேல் விரித்த பச்சை மேட். நம் கயிற்றுப் பாயில் பந்து கவ்வித் திரும்பும். அங்கே குத்தி எழும்பி, வழுக்கிக்கொண்டு நேராகப் போகும். என் சுழல் பாதியாகக் குறைந்தது. உயரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டி, முன்னோக்கிச் சுழலும் டாப் ஸ்பின்னை நம்பி ஆட வேண்டியிருந்தது. ஊர் மாறினால் ஒரு பௌலரின் கையே மாறுகிறது என்று கண்டது அங்கேதான். பிறகு கம்பெனி அணிக்காக விளக்கொளியில் இரவு ஆட்டங்கள். குளிர்கால இரவில் அந்தக் கடற்கரை ஊர்களில் பனி இறங்கினால் பந்து சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். மற்ற ஸ்பின்னர்கள் பந்தை கேப்டனிடம் திருப்பிக் கொடுப்பார்கள். நான் வாங்கிப் போட்டேன். எனக்கு அங்கே ஒரு பெயர் இருந்தது என்றால் அது அந்த ஈரப் பந்தால் வந்த பெயர்.

வெளிநாடு போவதால் ஒரு கிரிக்கெட்காரன் வளர்கிறானா, அழிகிறானா என்று நம் குழுவில் அடிக்கடி விவாதம் வரும். நான் பார்த்தவரையில் எந்த வயதில் போகிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அஜாஸ் படேல் மும்பையில் பிறந்து எட்டு வயதில் நியூசிலாந்து போனவர். முதலில் வேகப்பந்து; இருபது வயதுக்கு மேல்தான் ஸ்பின்னுக்கு மாறினார். டெஸ்ட் தொப்பி கிடைத்தபோது வயது 30. 2018 நவம்பரில் அபுதாபியில் அந்த முதல் டெஸ்ட் தொடங்கியது ஒரு வெள்ளிக்கிழமை; நானும் போயிருந்தேன். நான்காம் நாள் அவர் ஐந்து விக்கெட் எடுத்து, நியூசிலாந்து நாலே ரன்னில் ஜெயித்தது. 2021 டிசம்பரில் பிறந்த ஊரான மும்பையிலேயே ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டும் எடுத்தார். தமிழ்நாட்டிலிருந்து பத்து வயதில் சிட்னி போன நிவேதன் ராதாகிருஷ்ணன் இரண்டு கையாலும் சுழல் போடுகிறவர். 2022இல் ஆஸ்திரேலியாவின் 19 வயது உலகக் கோப்பை அணியில் ஆடினார். சென்னையில் பிறந்த கார்த்திக் மெய்யப்பன், நம்மைப் போல லெக் ஸ்பின்னர், அமீரகத்துக்காக 2022 டி20 உலகக் கோப்பையில் இலங்கைக்கு எதிராக அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட், அதாவது ஹாட்ரிக் எடுத்தார். அன்று நான் சாருக்கு போன் செய்து அரை மணி நேரம் பேசினேன். "மணிக்கட்டு எப்படி?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

வளர்ந்தபிறகு போகிறவனுக்குக் கணக்கு வேறு. சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐ.சி.சி.யின் விதிப்படி, அங்கே பிறக்காதவன், குடியுரிமையும் இல்லாதவன் என்றால் புதிய நாட்டில் மூன்று ஆண்டு குடியிருந்தால்தான் அந்த நாட்டுக்கு ஆட முடியும். ஓடியாடும் வயதில் மூன்று ஆண்டு என்பது சின்ன விலை இல்லை. 2012இல் இந்தியாவுக்கு 19 வயது உலகக் கோப்பை வாங்கித் தந்த உன்முக்த் சந்த், இந்தியக் கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டுத்தான் அமெரிக்கா போக முடிந்தது. சௌரப் நேத்ராவல்கர் அங்கே மேல்படிப்புக்குப் போய், ஆரக்கிள் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆடி, 2024இல் சமனில் முடிந்த ஆட்டத்தில் பாகிஸ்தானை வீழ்த்திய சூப்பர் ஓவரைப் போட்டார். அவரைப் பார்த்து நான் கண் கலங்கினேன். அது அவருக்கு வாய்த்தது. கூலிக்கு ஷிப்ட் பார்த்துவிட்டு மைதானத்துக்கு வந்த எங்கள் ஆட்களில் எத்தனையோ நல்ல கைகள் வெள்ளிக்கிழமையோடு முடிந்துபோயின.

கடைசியாக ஊருக்கு வந்தபோது சாரை வீட்டில் போய்ப் பார்த்தேன். சாயா குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "அந்த சென்னை கிளப்புக்கு ஒரு சீசன் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு இப்பமும் நெனப்பேன்" என்றார். நானும் நினைக்காத நாள் இல்லை என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. கடன் அடைந்தது, அக்கா நன்றாக இருக்கிறாள், பிள்ளைகள் படித்துவிட்டார்கள். ஆனாலும் அந்த ஒரு சீசன் எப்படி இருந்திருக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) வந்தபிறகு மாவட்டத்துப் பையன்களுக்குக் கொஞ்சம் வெளிச்சம் உண்டு. சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜனை நாடே பார்த்தது. என்றாலும் சென்னை லீக்கில் ஆட அறை வாடகை வேண்டும், ஷூ வேண்டும், ரயில் டிக்கெட் வேண்டும். சாரின் பெயரில் சுழற்கோப்பை வைக்கலாம் என்று பொதுக்குழுவில் பேசியிருக்கிறீர்கள். கோப்பை வேண்டாம். நம் பள்ளியிலிருந்து ஆண்டுக்கு ஒரு பையனோ பொண்ணோ சென்னையில் ஒரு முழு சீசன் தங்கி ஆடுவதற்கான செலவை நாம் ஏற்போம். முதல் ஆண்டுத் தொகையை நான் தருகிறேன். பொருளாளர் இந்த மாதமே என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.