புது ஆட்களுக்கு வேலை கற்றுக்கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது

எங்கள் குடோனில் புதிதாகச் சேருகிறவர்களை முதல் நாள் முழுக்க ஓர் அறையில் உட்காரவைத்து பவர்பாயிண்ட் காட்டுவது வழக்கம். பாதுகாப்பு விதிகள், லேபிள் வகைகள், ஸ்கேனர், ரிட்டர்ன் நடைமுறை என்று எல்லாமே அதில் இருக்கும். மாலையில் ஒரு கருத்துப் படிவம் கொடுப்பார்கள். எல்லோரும் ‘மிக நன்று’ என்று டிக் அடித்துவிட்டுப் போவார்கள். மறுநாள் மேஜைக்கு வந்ததும், “அண்ணா, இதை எங்க ஸ்கேன் பண்ணணும்?” என்று பக்கத்து ஆளிடம் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

பயிற்சி கொடுத்துவந்தவர் வேறு பிரிவுக்கு மாறிப் போகவே, ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் அந்த வேலை வந்தது. அறை வகுப்பைச் சுருக்கிவிட்டு மீதியை வேலை நடக்கும் மேஜையிலேயே சொல்லித்தருகிறேன் என்றேன். மேனேஜருக்குத் தயக்கம். “நல்லா வேலை தெரிஞ்ச ஆளைச் சொல்லிக்கொடுக்க நிறுத்திட்டா பார்சலை யார் பாக்குறது?” என்றார். நியாயமான கேள்விதான். எந்த இடத்தில் தவறு அதிகமோ அங்கே மட்டும் முதலில் செய்துபார்ப்போம் என்று முடிவானது. அது, திருப்பி அனுப்பப்பட்ட பார்சல்களைப் பிரித்துப் பார்க்கும் ரிட்டர்ன் மேஜை.

இதற்காகத் தேடிப் படித்ததில் எனக்கு அதிகம் கைகொடுத்தது ரொம்பப் பழைய விஷயம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், தொழிற்சாலையையே பார்த்திராத ஏராளமானவர்களை அமெரிக்கா அவசரமாக வேலைக்குப் பழக்க வேண்டியிருந்தது. அதற்காக 1940-இல் தொடங்கிய திட்டத்தின் பெயர் ‘ட்ரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி’. மேற்பார்வையாளர்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஒரு சிறிய அட்டை கொடுத்தார்கள். ஆளைத் தயார்செய், செய்துகாட்டு, அவரைச் செய்யவை, பிறகும் கவனி என நான்கே படிகள். போருக்குப் பின் இது ஜப்பானுக்குப் போய் டொயோட்டாவில் ஊன்றிவிட்டது. தொழிலாளி கற்கவில்லை என்றால் சொல்லித்தந்தவர் சரியாகச் சொல்லித்தரவில்லை என்று அந்த அட்டையிலேயே இருக்கும். ‘இந்தக் காலத்துப் பசங்களுக்கு அக்கறையே இல்லை’ என்ற புலம்பலுக்கு அதற்கு மேல் இடமில்லை.

ஆனால் அந்த நான்கு படிகளுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சொல்லித்தரப் போகும் வேலையை நாம் முதலில் பிரித்து எழுத வேண்டும்: படி என்ன, அதில் கவனிக்க வேண்டியது என்ன, அது ஏன். ரிட்டர்ன் மேஜையில் பல வருடமாக இருக்கும் அக்கா ஒருவரின் பக்கத்தில் நோட்டோடு நின்றேன். “இதுல எழுத என்ன இருக்கு? பார்த்தாலே தெரியுமே” என்றார். அவருக்குத் தெரிகிறது, அதுதான் சிக்கலே.

ஒவ்வொரு பெட்டியையும் எடுத்ததும், பிரிப்பதற்கு முன் கட்டைவிரலால் டேப்பின் ஓரத்தை ஒருமுறை தடவினார். ஏன் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். ஒட்டின டேப்பைப் பிய்த்தால் அட்டையின் மேல்தாளும் சேர்ந்து உரிந்து வரும். அதன் மேல் திரும்ப டேப் ஒட்டினால் ஓரத்தில் சொரசொரப்பு கைக்குத் தட்டும். அப்படித் தட்டினால் யாரோ பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே போட்டோ எடுத்துவிட வேண்டும். திறந்த பிறகு எடுத்தால், பொருள் மாறியிருந்தாலும் பழி நம் மேஜைக்குத்தான் வரும். இத்தனையும் ஒரு விரல் தடவலுக்குள் இருந்தது. பவர்பாயிண்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

இப்படிப் பிரித்து எழுதிய தாளை வைத்துப் புது ஆட்களுக்குச் சொல்லித்தர ஆரம்பித்தோம். அக்கா முதலில் பேசாமல் செய்துகாட்டுவார். அடுத்த முறை படிகளைச் சொல்லிக்கொண்டே செய்வார், அப்புறம் காரணங்களோடு. பிறகு புது ஆளின் முறை. அவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். ஒரு தம்பி எல்லாப் படியையும் அழகாகச் செய்தார். “போட்டோ ஏன் முதல்ல எடுக்குறோம்?” என்று கேட்டால், “ரூல்ஸ்ண்ணா” என்றார். கை பழகியிருக்கிறது, விஷயம் போய்ச் சேரவில்லை. “புரிஞ்சுதா?” என்று கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார், நானும் நகர்ந்திருப்பேன். அந்தக் கேள்வியை அதோடு நிறுத்திவிட்டேன்.

அடுத்த மாற்றம் நேரத்தில். ஒரே நாளில் கொட்டாமல் தினமும் கொஞ்சம் என்று பிரித்தோம். பிரிட்டிஷ் தபால் துறை ஊழியர்களுக்கு விசைப்பலகைப் பயிற்சி கொடுத்து பேட்லி, லாங்மேன் என்ற இருவர் 1978-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை. தினம் ஒரு மணி நேரம் பழகியவர்களுக்கு, தினம் நான்கு மணி நேரம் பழகியவர்களைவிடக் குறைவான மொத்த நேரத்தில் கை வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஒரு மணி நேரக் குழுவுக்குத்தான் பயிற்சிமீது திருப்தி குறைவு. நாள் கணக்கில் இழுக்கிறதே என்று இருந்திருக்கும். எங்கள் ‘மிக நன்று’ படிவங்களை அதன் பிறகு நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஷிப்ட் தொடங்கும் முன், முந்தைய நாட்களில் சொன்னதிலிருந்து தாளைப் பார்க்காமல் பதில் சொல்லும்படி சில கேள்விகள் கேட்போம். முதலில் பரீட்சை மாதிரி இருக்கிறது என்று முணுமுணுத்தார்கள். ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். நமக்கு வேண்டியது அந்த ஒரு வாரம் கழித்துத்தானே.

மேனேஜருக்குக் காட்ட ஏதாவது வேண்டுமே. அமெரிக்கப் பேராசிரியர் கிர்க்பாட்ரிக் 1959-இல் பயிற்சியை அளக்கச் சொன்ன நான்கு நிலைகள்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, பலன் வந்ததா. நாங்கள் முதல் நிலையிலேயே நின்றிருந்தோம். இப்போது போட்டோ இல்லாமல் பிரித்த பெட்டிகளை வாராவாரம் எண்ணுகிறோம். குறைந்திருக்கிறது. ஆளும் கூடி வேலையும் கொஞ்சம் மாறியதால், முழுப் பெருமையையும் பயிற்சிக்கே கொடுக்க மாட்டேன்.

எல்லோருக்கும் இது ஒத்துவரவில்லை. வேறு பிரிவிலிருந்து வந்த சீனியர்களை வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் முகம் சுருங்கியது. அவர்களிடம், “புதுசா வர்ற பையனுக்கு நீங்களே சொல்லிக்கொடுங்க” என்று தாளைக் கொடுத்தோம். அதில் தப்பு கண்டுபிடித்துத் திருத்தியும் தந்தார்கள். இரவு ஷிப்ட்டில் சொல்லித்தர ஆள் கிடைப்பதுதான் இன்னும் பாடாக இருக்கிறது. இப்போதைக்குப் புதிதாகச் சேருகிறவர்களை முதலில் பகல் ஷிப்ட்டில் போட்டு, தாள் இல்லாமல் செய்ய வந்த பிறகே இரவுக்கு மாற்றுகிறோம்.