அம்மாவுக்கு ஒரு போன்

அம்மாவுக்குப் போன் வாங்கப் போனோம். கடைத் தம்பி 108 மெகாபிக்சல் கேமராவை விட்டு இறங்கவே இல்லை. சாதாரணமா எடுத்தா ஒன்பது பிக்சலை, அதாவது படத்தோட புள்ளிகளை, ஒண்ணாக்கி 12 மெகாபிக்சல் படம்தான் தரும். அது கிடக்கட்டும், அம்மா படமே எடுக்கிறதில்லை. எழுத்து பெருசா தெரியணும், குக்கர் விசிலையும் மீறி ரிங் கேட்கணும். காலையில எஃப்எம் வேணும். அதுக்கு ஹெட்போன் ஒயர்தான் ஏரியல். ஒயர் குத்த 3.5 எம்எம் ஓட்டையே இல்லாத போனை நீட்டினா எப்படி?

பேட்டரி 5000 எம்ஏஎச், சரி. "செக்யூரிட்டி அப்டேட் எத்தனை வருஷம் வரும் தம்பி?"ன்னு கேட்டேன். முழிச்சார். வீட்டுக்கு வந்து கம்பெனி தளத்துல பார்த்துட்டு மறுநாள்தான் வாங்கினோம்.

அம்மாவோட ஒரே கேள்வி: "பழைய ரிங்டோன் இதுல வருமாப்பா?"